இறக்குறதுக்கு ஒரு பாடம்

எங்க தெருவுல கொம்பையா அண்ணாச்சியோட கட்டில் ஓட்டுக்கு மேல போயி பதினாறு நாள் நின்ன கதைய ஆளாளுக்கு ஒரு தினுசாச் சொல்லுவாவ, அதுல பாதிப் பேரு அன்னைக்கி ஊர்லயே கிடையாது, அதனால நானே சொல்லிருதேன், ஏன்னா அதுல நடந்த தப்புல பெரும்பங்கு என்னோடது, அத மூடி மறைக்க எனக்கு இஷ்டமில்ல. எம்பேரு ஜெபக்கனி. தூத்துக்குடிக்குத் தெக்க, உப்பளத்துக்கும் ஹார்பர் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற காலனியில நாங்க பதினோரு பொம்பளைய ஒரே அளத்துல வேல பாத்தவிய. தையில இருந்து புரட்டாசி வரைக்கும் பாத்தியில உப்பு வாருவோம், பெட்டியில அள்ளித் தலையில ஏத்துவோம், குவிச்சு வச்ச அம்பாரத்துல கொண்டு தட்டுவோம், திரும்பி வந்து அள்ளுவோம், திரும்பப் போயித் தட்டுவோம். ஐப்பசி மழை விழுந்துட்டா அளம் தண்ணிக்குள்ள போயிரும், நாங்க வீட்டுக்குள்ள போயிருவோம்.

அந்தப் பதினோரு பேருல முத்துப்பேச்சிக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி. அவ புருசன்தான் கொம்பையா அண்ணாச்சி, உப்பு லாரியில மூடை அடுக்குற வேல, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மேல இருந்து வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழ ஒண்ணும் அசையாமப் போச்சு. அன்னையிலருந்து அவரக் குளிப்பாட்ட, வெளிய வேப்பமரத்தடியில கட்டில்ல கொண்டு போட, வெயில் ஏறுனா உள்ள தூக்கிட்டு வர எல்லாத்துக்கும் அவ முதுகுதான். அவளுக்கோ காலெல்லாம் உப்புத்தண்ணி அரிச்ச புண்ணு, எங்க எல்லாருக்கும் வாரதுதான், அவளுக்கு ஆறவே இல்ல. இன்னொரு வருசம் அளத்துல நின்னா விரல எடுக்கவேண்டி வரும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ, அவ அதையும் புருசங்கிட்டச் சொல்லாம மறைச்சுட்டா.

அப்பத்தான் ஹார்பர் பக்கத்துல புதுசா வந்த ஒரு குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பொம்பளைய வேணும்னு சொன்னாவ, ரெண்டு இரும்புக் கொம்ப முன்னால நீட்டிக்கிட்டு மூடையத் தூக்குமே, அந்த மஞ்ச வண்டி. மழைக்காலம் முழுக்க போன்லயே பாடம், மொத்தம் எட்டு, முடிச்சவியளுக்கு நேருல ஒரு பரீட்ச, பாஸானா வேல. உக்காந்துக்கிட்டே பாக்குற வேலைன்னு கேட்டதும் முத்துப்பேச்சி கண்ணுல தண்ணி வந்துட்டு. எங்க எல்லாரையும் பேரு குடுக்க வச்சதே அவதான்.

பதினோரு பேருக்கும் எம்போன்தான் பெரிய போன். எங்க வீட்டு முன்னால ஒரு வாளியக் கவுத்து அது மேல போனச் சாத்தி வைப்போம், ஆளுக்கொரு வாளியில ஈரமணல நிரப்பி அதுல ரெண்டு கரண்டியச் செருகி வைப்போம், வண்டிக்கு லீவர் அதுதான். பாடம் சொல்லுற டீச்சருக்கு பிரவீணான்னு பேரு, மூஞ்சி தெரியாது, கையும் குரலும் மட்டுந்தான். "உங்க முன்னாடி வண்டி இருக்குறதா நினைச்சுக்கோங்க"ன்னு அந்தக் குரல் சொல்லும், நாங்க நினைச்சுக்கிடுவோம். சாயங்காலம் தண்ணி லாரி வந்துரும், வந்துட்டா குடத்தத் தூக்கிட்டு ஓடணும், அதனால டீச்சர ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுத்தான் பாடம் கேட்டோம். அவ பொரிகடலை பொரிஞ்ச மாதிரி பேசுவா, நாங்களும் அதே வேகத்துக்குக் கரண்டிய இழுப்போம். அவ பேச்சே அப்படித்தான்னு எங்களுக்கு மனசுல பதிஞ்சு போச்சு.

இங்கதான் என் தப்பு. ஏழாம் பாடம், சுமைய இறக்குறது எப்படி, நாப்பது நிமிசம்னு போட்டிருந்துது. எனக்குச் சிரிப்பாணி தாங்கல. இறக்குறதுக்கு ஒரு பாடமா ஏட்டி, அதுவும் நாப்பது நிமிசமான்னு கேட்டேன். அளத்துல நாங்க எதையும் இறக்கி வச்சதே கிடையாது, பாத்துக்கிடுங்க. ஏத்தும்போதுதான் இன்னொருத்தி கை குடுக்கணும், கொண்டு போயி அம்பாரத்துல கழுத்தச் சாச்சா போதும், தானாக் கொட்டிரும், பெட்டி லேசாயிரும், திரும்பி நடக்க வேண்டியதுதான். இருபத்தஞ்சு வருசமா அதத்தான செய்தோம். "பாத்துருவமே யக்கா, எதுக்கும் இருக்கட்டும்"னு முத்துப்பேச்சி ஒருத்திதான் சொன்னா. நான் கேக்கல. பாத்தாச்சுன்னு ஒரு பொத்தான் இருந்துது, அத அமுக்கிட்டேன், பதினோரு பேருக்கும் ஏழாம் பாடம் முடிஞ்சுதுன்னு பச்சையில டிக் விழுந்துட்டு. எட்டையும் முடிச்சோம், பரீட்சைக்குத் தேதியும் வந்துது, வகுப்பு முடிஞ்சுதுன்னு பாடத்தையெல்லாம் அவிய பூட்டிட்டாவ.

மறுநா காலையில முத்துப்பேச்சி பழக்கம் விட்டுரப் பிடாதுன்னு வாளி முன்னால உக்காந்து கரண்டியப் பின்னால இழுத்தா, எதுக்க இருந்த தண்ணி டிரம்மு தரையவிட்டு ரெண்டடி மேல போயி நின்னுது. அடுத்த வீட்டுக்காரி விளக்குமாத்தோட நின்னுக்கிட்டு இருந்தவ, "அப்படியே நிக்கட்டும் மைனி, அடியில கூட்டி ரொம்ப நாளாச்சு"ன்னு குனிஞ்சு கூட்டிட்டுப் போனா. நான் எங்க வீட்டு ஆட்டுக்கல்ல இழுத்துப் பாத்தேன், அதுவும் வந்துது, நின்னுக்கிட்டே மாவாட்ட வாகா இடுப்பளவுல நின்னுது. எங்க பதினோரு பேரு கைக்கும் அது வந்துட்டு. ஒரு வாரத்துக்குள்ள தெருவுல தரையில கிடந்த சாமான் குறைஞ்சு போச்சு, டிரம்முகள உசரத்துல நிறுத்தி டியூபப் போட்டு வீட்டுக்குள்ள குழா மாதிரி தண்ணி பிடிச்சோம், மழைத்தண்ணி உள்ள வந்தா அரிசி மூடைய நனையாமத் தூக்கி நிறுத்துனோம், கோழிக்கூடு கீரிக்கு எட்டாத உசரத்துக்குப் போச்சு.

ஒண்ணுதான் குறை. போனது கீழ வராது. கரண்டிய முன்னால தள்ளுனா சாமான் இருந்த இடத்துலயே சாஞ்சு கவுந்துரும், உள்ள இருக்கறது கொட்டிரும், வெறும் டிரம்மு அந்தரத்துல தலைகீழா நிக்கும். கவுத்துறதுல நாங்க கைதேர்ந்தவிய, வேற எப்படி வரும். அத யாரும் பெருசா எடுத்துக்கிடல, டிரம்மு மேலயே இருந்துட்டுப் போட்டும்னு இருந்துட்டோம்.

பெறவு ஒரு நா முத்துப்பேச்சிக்கு ஒரு யோசன வந்துது. கொம்பையா அண்ணாச்சியக் கட்டிலோட இடுப்பளவுக்குத் தூக்கிட்டா குனியாமக் குளிப்பாட்டலாமே, முதுகுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமேன்னு நினைச்சா. அவருகிட்டக் கேட்டா, அவரு "செய்யி"ன்னாரு. அந்த ரெண்டு வருசத்துல அவரு பேசுனதே அந்த மாதிரி ஒத்த வார்த்தையாத்தான். அவ உக்காந்து கரண்டிய இழுத்தா. கை சோப்புக் கை, பழகுனதோ ரெண்டு மடங்கு வேகம், வெளிய கிடந்த கட்டில் விருட்டுன்னு போயி ஓட்டு உசரத்துக்கும் மேல, வேப்பமரத்துக் கிளைய ஒட்டிப் பதினோரு அடியில நின்னுது. நாங்க எல்லாரும் ஓடி வந்து அண்ணாந்து பாக்குதோம். பெறவு மேல இருந்து, "ஏட்டி பேச்சி, கடல் தெரியுது"ன்னாரு.

அன்னையிலருந்து அந்த மனுசன் பேச ஆரம்பிச்சாரு பாருங்க. எந்தக் கப்பல் வந்து நிக்கி, எந்தக் கிரேன் ஓடுது, அளத்துல எத்தன பாத்தி முங்கிருக்கு, வானம் எங்கன கறுக்குது, எல்லாம் அவரு சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும். தண்ணி லாரி ரயில்வே கேட்டத் தாண்டும்போதே குரல் குடுத்துருவாரு, நாங்க சாவகாசமாக் குடத்தக் கழுவி வச்சுக்கிட்டு நிப்போம். மழை விழப் போறதுக்குக் கால்மணி நேரத்துக்கு முன்னாடியே காயுற துணிய எடுக்கச் சொல்லிருவாரு. ஏணி சாத்தி மேல தார்ப்பாய் கட்டுனோம், கப்பி மாட்டிக் கயித்துல டீயும் பேப்பரும் ஏத்துனோம். பூசாரி வந்து துன்னூறு பூசிட்டுப் போனாரு, சர்ச்சுல இருந்து கோயில்பிள்ளை வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு, ரெண்டு பேரும் ஏணி உறுதியா இருக்கான்னு ஆட்டிப் பாத்தாவ. கவுன்சிலர் வந்து லாரி போவ இடைஞ்சல் உண்டுமான்னு கேட்டாரு, இல்லன்னதும் கட்டிலுக்கு அடியில ஒரு பல்பு போடச் சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. கடைசில என்னாச்சு தெரியுமா, முத்துப்பேச்சி "எப்படிக்கா இவர இறக்குறது, ஆம்பளைய ஏறித் தூக்கட்டுமா"ன்னு கேட்டா, "இப்ப என்ன அவசரம், அவரு இறங்கிட்டா லாரி வாரத யாரு சொல்லுவா"ன்னு தெருவே கேக்க ஆரம்பிச்சிட்டு. நானும் அந்தக் கூட்டத்துல நின்னுதான் தலையாட்டுனேன்.

ஆனா ஒரு நாளைக்கி ஆறு தடவ ஏணி ஏறுனவ அவதான். சோறு ஊட்ட, உடம்பு துடைக்க, துணி மாத்த, மூத்திரச் சட்டி எடுக்க, புரட்டிப் படுக்கவைக்க. எட்டாம் நா காலையில நான் ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், மூங்கில் படியில கைய வச்சா பிசுபிசுன்னு இருக்கு, பாத்தா ரத்தம், ஒரு படி விடாம அவ பாதம் பதிஞ்சிருக்கு. இந்தப் புண்ணோட இவ எப்படி ஏறுதா, இவளுக்கு ஒரு நாப்பது நிமிசம் கேக்க விடாமப் பண்ணிட்டனேன்னு அந்த இடத்துலயே அழுதுட்டேன். அவ மேல இருந்து, "அழாதிய யக்கா, நானுந்தான பேசாம இருந்தேன்"னு சொன்னா. அவரு இறங்காம நான் பரீட்சைக்குப் போவ மாட்டேன்னும் சொன்னா, அத அவ சாதாரணமாத்தான் சொன்னா.

அன்னையிலருந்து நான் பாடத்துக்குன்னு குடுத்திருந்த உதவி எண்ணுக்கு அடிச்சேன் பாருங்க. தமிழுக்கு ஒண்ண அமுக்கு, பாடத்துக்கு மூண அமுக்கு, காத்திருங்க, பாட்டு. திரும்பத் தமிழுக்கு ஒண்ண அமுக்கு. எட்டு நாள் அடிச்சேன், எந்த மனுசக் குரலும் வரல, பாட்டு மட்டும் எனக்கு மனப்பாடமாயிட்டு. உங்க செய்தியச் சொல்லுங்கன்னு ஒரு மிசினு சொல்லுச்சு, நான் விட்டேனா, "ஏ பிரவீணா டீச்சர், நீ இறக்கச் சொல்லிக் குடுத்தத நாங்க கேக்கல, தப்பு எங்க மேலதான், ஒரு மனுசன் மேல நிக்காரு, தயவு பண்ணி ஒரு போனப் போடும்மா"ன்னு நாப்பது தடவ சொல்லிருப்பேன்.

பதினாறாம் நா காலையில காத்து மாறிட்டு. வேப்பமரம் ஒரு பக்கமாச் சாஞ்சு ஆடுது. கொம்பையா அண்ணாச்சி ஹார்பர் பக்கம் பாத்துக்கிட்டே இருந்தவரு, "மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டான்"னாரு. புயல் எச்சரிக்கை அது, இங்க சின்னப்பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். அதுக்குமேல தண்ணி லாரியப் பத்தி யாரும் பேசல. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும்னு மைக்குல சொல்லிட்டுப் போறான், இங்க ஒரு மனுசன் பதினோரு அடியில தார்ப்பாய்க்கு அடியில கிடக்காரு. ஆம்பளைய ஏறித் தோள்ல தூக்கி இறக்கிருவம்னு ஏணியச் சாத்துனாவ, காத்துல ஏணியே நிக்கல. கயிறு கட்டி இழுத்தாவ, ஏழு பேரு தொங்கியும் கட்டில் ஒரு நூல் அசையல. முத்துப்பேச்சி வாளி முன்னால உக்காந்து கரண்டியத் தொடுதா, கைய எடுக்கா, தொடுதா, எடுக்கா. தள்ளுனா கவுந்துரும்னு அவளுக்குத் தெரியும்.

அப்பப் போன் வந்துது. எடுத்தா ஒரு பொம்பளக் குரலு, நிதானமா, தாழ்ந்த குரலா, "ஜெபக்கனி அக்காவா, நான் பிரவீணா பேசறேன்"னுது. நான் நம்பல. "நீ பிரவீணா இல்ல, பிரவீணா டீச்சர் கடகடன்னுல்லா பேசுவா, யாரு நீ"ன்னு ஏசிட்டேன். பெறவு, "பாடத்தை எந்த வேகத்துல வச்சுப் பாத்தீங்க"ன்னு கேட்டா. ரெண்டு மடங்குன்னேன். "சரிதான்"னு சிரிச்சா. அவ ஓசூர்ப் பக்கத்துல ஒரு குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதா, அந்தப் பாடம் எடுத்துக் குடுத்து மூணு வருசமாச்சு, அந்த வேல முடிஞ்சு எப்பவோ வெளிய வந்துட்டா, நான் மிசினுக்கிட்ட அழுதத யாரோ ஒரு புண்ணியவான் கேட்டு அவ நம்பருக்கு அனுப்பிவச்சிருக்கான். "எட்டாயிரம் பேர் பாத்திருக்காங்கன்னு எண்ணிக்கை காட்டும் அக்கா, ஒருத்தர்கூட எங்கிட்டப் பேசினதில்ல, நீங்கதான் முதல்ல"ன்னு சொன்னா.

நான் விசயத்தச் சொன்னேன். அவ ஆச்சரியப்படல, "கட்டிலோட சேர்த்து எத்தனை கிலோ"ன்னு கேட்டா. கிட்டத்தட்ட எம்பதுன்னேன். "காத்து எந்தப் பக்கம்"னு கேட்டா. பெறவு, "இன்னிக்கு எனக்கு லீவு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, போனை அந்த அக்கா காதுக்குப் பக்கத்துல வைங்க"ன்னா. நான் ஸ்பீக்கரப் போட்டு முத்துப்பேச்சி பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தேன்.

ஏழாம் பாடத்த நாங்க அன்னைக்கித்தான் கேட்டோம். முதல்ல லீவரத் தொடக் கூடாது, கீழ யாரு நிக்கான்னு பாக்கணும், எல்லாரையும் விலகச் சொல்லணும். நாங்க விலகுனோம். பெறவு சுமையோட நிலையப் பாக்கணும், மனுசனா இருந்தா அவங்ககிட்டச் சொல்லணும். முத்துப்பேச்சி அண்ணாந்து, "இந்தாரும், இறக்கப் போறேன்"னா. அவரு கட்டில் சட்டத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. "இப்ப ஒரு நூல் அளவு முன்னாடி தள்ளுங்க அக்கா, தள்ளிட்டு விட்டுடாதீங்க, கைய அங்கேயே பிடிச்சு வைங்க, தூக்கறதவிட இறக்கறதுலதான் கைக்கு வேல ஜாஸ்தி." அவ தள்ளுனா. கட்டில் சாஞ்சுது. இருபத்தஞ்சு வருசம் தட்டுன கை அது, தள்ளுனா கொட்டத்தான் அதுக்குத் தெரியும். தலையணை சரிஞ்சு கீழ விழுந்துது, அண்ணாச்சி உடம்பு ஒருபக்கமா இழுத்துது. "பின்னால இழுங்க, ஒரு நூல்"னு டீச்சர் சத்தம் போடாமச் சொன்னா. இழுத்தா. கட்டில் நேராச்சு. முத்துப்பேச்சி "என்னால ஆகாது மேடம், எங்கையில இது இல்ல"ன்னு அழுதா. "உங்க கைதான் அக்கா அவரை ரெண்டு வருசமா கீழ விழாமப் பிடிச்சிட்டு இருக்கு, இப்ப மட்டும் புதுசாவா"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா.

மூணு மணி நேரம் ஆச்சு, கேட்டுக்கிடுங்க. ஒரு நூலு, நிறுத்து, மூச்சு விடு, இன்னொரு நூலு. காத்து வீசுனா நிறுத்து, காத்து அடங்குனா ஒரு நூலு. பிரவீணா ஒரு தடவகூட அவசரப்படல, சலிச்சுக்கிடல, நாங்க ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டித் தள்ளுன அதே குரலு ஒவ்வொரு நூலுக்கும் கூடவே நின்னுது. அந்தப் பொண்ண நான் இதுவரைக்கும் கண்ணால கண்டதில்ல, ஆனா என் ஆயுசுல எனக்குப் பாடம் சொன்ன ஆளுன்னு யாராவது கேட்டா அவ பேரத்தான் சொல்லுவேன், ஜெபம் பண்ணும்போது எம்பிள்ளைய பேருக்கு முன்னாடி அவ பேரு வந்துருது. பெறவு முத்துப்பேச்சி பரீட்சைக்குப் போனா, வெள்ளக் கோட்டுல பொட்டு பிசகாம மூடைய இறக்குனா, இன்னைக்கி அந்தக் குடோன்ல அவதான் புதுசா வாரவியளுக்குச் சொல்லிக் குடுக்கா, நாங்களும் அஞ்சு பேரு அங்கதான் இருக்கோம், தெருவுல நின்ன டிரம்மெல்லாம்கூட ஒவ்வொண்ணா இறங்கிட்டு. அதெல்லாம் ஊருக்குத் தெரிஞ்சதுதான். அன்னைக்கி நடந்ததுல எல்லாரும் விட்டுட்டுச் சொல்லுற ஒண்ண நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன்.

கட்டில் கூரைக்குக் கீழ வந்து, கதவு நிலைக்குக் கீழ வந்து, இன்னும் கொஞ்சம் வந்துது. நாங்க பிடிக்கக் கைய நீட்டிக்கிட்டு ஓடுனோம். கொம்பையா அண்ணாச்சி, "யாரும் தொடாதிய"ன்னாரு. பெறவு அவளப் பாத்து, "பேச்சி, கொஞ்சம் நிறுத்து"ன்னாரு. அவ கரண்டியப் பிடிச்சபடியே நிறுத்துனா. கட்டில் வாளி முன்னால உக்காந்திருந்த அவளுக்கு எதுக்க, அவ மூஞ்சிக்கு நேரா நின்னுது. "ரெண்டு வருசம் கீழ கிடந்து உன் தாடையத்தான் பாத்தேன், பதினாறு நா மேல இருந்து உன் உச்சந்தலையத்தான் பாத்தேன்"னாரு. "என்னத் தூக்கும்போதெல்லாம் நீ எங்கயோ பாத்துக்கிட்டுத் தூக்குவ. உன் மூஞ்சிய நேராப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன், சொல்ல வாகான உசரமே அமையல. நீ என்ன ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டட்டி."

அவளுக்குக் கரண்டியில இருந்து கைய எடுக்க முடியாது, கண்ணத் துடைக்கவும் முடியாது, கண்ணீரு அது பாட்டுக்கு இறங்குது. தார்ப்பாய் படபடன்னு அடிக்கு, மைக்குல பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுதான், நாங்க யாரும் நகரல. அவரு எட்டி அவ கன்னத்தத் துடைச்சாரு.

போன்ல பிரவீணா, "அக்கா, என்னாச்சு, தரைக்கு வந்துட்டாரா"ன்னு கேட்டா.

"இன்னும் ரெண்டடி இருக்கு மேடம்"னா முத்துப்பேச்சி. "ஒரு நிமிசம் இப்படியே நிக்கட்டுமா."

"நிக்கட்டும் அக்கா"ன்னா அவ. "நான் லைன்லயே இருக்கேன்."